எம். ஜே. கோபாலன்: இரு களம் கண்ட வீரர்

புகழ்பெற்றோரின் சரித்திரங்களைப் படிக்குங்கால், அவர்கள் அடைந்த வெற்றிகளை எண்ணிக் கணக்கிடுவதே நம்மனோர் வழக்கம். இத்தனை பரிசு, இத்தனை பதக்கம், இத்தனை பட்டம் என்று அடுக்கிச் சொல்லி முடித்துவிட்டால் அவர்தம் வாழ்வைக் கூறிவிட்டதாகவே கருதுகின்றோம். கைக்கெட்டிய தூரத்தில் இருந்த பேறொன்று தன்னை விட்டு விலகிப் போனபின் ஒரு மனிதன் எவ்வாறு நடந்துகொண்டான் என்பதை நாம் நினைப்பது அரிது. ஆனால் மனிதனுடைய தரத்தை அளப்பதற்கு அதனினும் சிறந்த அளவுகோல் வேறில்லை. இவ்வுண்மையை விளக்குவதற்குத் தமிழ்நாட்டின் விளையாட்டு வரலாற்றிலேயே ஒரு சிறந்த சான்று உண்டு. கிரிக்கெட், ஹாக்கி என்னும் இருவகை ஆட்டங்களிலும் இந்தியாவின் பிரதிநிதியாக நின்று ஆடிய எம். ஜே. கோபாலன் அவர்களே அச்சான்று.

கோபாலன் 1909ஆம் ஆண்டு ஜூன் மாதம் 6ஆம் நாள் செங்கற்பட்டு ஜில்லாவைச் சேர்ந்த மொறப்பாக்கம் என்னும் சிற்றூரில் பிறந்தார். அவருடைய பெயரின் முன்னெழுத்துக்களில் முதலாவது அவ்வூரையே குறிக்கின்றது. கொல்லிமலைமேல் தேவனூர் நாட்டிலிருந்தும் அதனை அடுத்த நாடுகளிலிருந்தும் மலையிறங்கிக் கல்வி நாடி வரும் மாணவர்க்கு, சிறு கிராமமொன்றில் பிறந்தவன் பெரு நகரம் சென்று பெயரெடுப்பது எத்தனை அரிய செயல் என்பதை நாம் எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை. கோபாலனுடைய குடும்பத்தார் அவருடைய இளமையிலேயே சென்னை திருவல்லிக்கேணியில் வந்து குடியேறினர். திருவல்லிக்கேணிக்கு அண்மையில் உள்ளது சேப்பாக்கம். சேப்பாக்கத்திலோ தென்னிந்தியாவிலேயே தலைசிறந்த பந்தாட்ட மைதானம் அமைந்திருந்தது. பிறந்த ஊரிலேயே அவர் இருந்திருப்பாராயின் நிலத்தையும் ஏரியையும் பார்த்துக்கொண்டு வாழ்ந்திருக்கக் கூடும். வந்து சேர்ந்த இடமே அவருடைய வாழ்வின் போக்கை மாற்றியது.

அந்நாளில் சென்னையில் இவ்வாட்டங்கள் இருந்த நிலைமையைச் சிறிது அறிந்துகொள்ளுதல் நலம். சேப்பாக்கம் மைதானம் 1846இல் தோன்றிய சென்னைக் கிரிக்கெட் சங்கத்தாருடைய ஆதீனத்தில் இருந்தது. அது வெள்ளையருடைய சங்கம். இந்தியர் அதில் அங்கத்தினராகச் சேர்தற்கு இயலாது. இக்குறையை மனத்திற்கொண்டே புச்சிபாபு நாயுடு என்பவர் 1888இல் சென்னை ஐக்கிய சங்கத்தை நிறுவி, இந்திய இளைஞர்க்கு மட்டையும் பந்தும் இடமும் தந்து ஊக்கினார். வெள்ளையரும் இந்தியரும் எதிரெதிர் நின்று ஆடும் ஒரு பந்தயத்தை ஏற்படுத்த அவர் பெரிதும் முயன்றார். ஆயினும் 1908இல், தம் முயற்சி பலிக்கும் தறுவாயில், காலமானார். அவர் நட்ட விதை வீண்போகவில்லை. பிற்காலத்தில் பொங்கல் நாட்களில் ஆண்டுதோறும் நடைபெற்ற ராஜதானிப் பந்தயம் சென்னை மக்களுக்கு ஒரு பெருந்திருவிழாவே ஆயிற்று. அப்பந்தயத்தில் இந்தியர் பக்கம் நின்று ஆடுவது ஓர் இளைஞன் அடையத்தக்க உயர்ந்த கௌரவமாக மதிக்கப்பட்டது. இளமையிலேயே கோபாலன் அக்கௌரவத்தை அடைந்தார்.

அவர் அதனை அடைந்தது தம் திறமையால் மட்டுமன்று. அத்திறமையைக் கண்டறிந்து போற்றிய ஒருவருடைய துணையாலுமாம். சி. பி. ஜான்ஸ்டன் என்னும் ஆங்கிலேயர் கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலைக்கும் கெண்ட் மாகாணத்துக்கும் ஆடியவர். சென்னையில் பர்மா ஷெல் எண்ணெய்க் கம்பெனியில் உத்தியோகம் வகித்தவர். ராஜதானிப் பந்தயத்தில் அவர் ஆடியது எதிர்க் கட்சியில். ஆயினும் கோபாலனுடைய ஆற்றலைக் கண்டு, அவருக்குத் தம் கம்பெனியிலேயே ஒரு வேலை தேடிக் கொடுத்து, பெயர்பெற்ற திருவல்லிக்கேணிக் கிரிக்கெட் சங்கத்தில் அவர் இடம்பெறுவதற்கும் வழிசெய்தார்.

இவ்வேலையின் அருமையை இக்காலத்து மாணவர் உணர்தல் எளிதன்று. அமெரிக்காவில் பேஸ்பால் ஆடுவோர் அந்நாளிலேயே சங்கங்களோடு ஒப்பந்தம் செய்துகொண்டு, ஆட்டத்தையே தொழிலாகக் கொண்டு பொருளீட்டினர். இங்கிலாந்திலும் மாகாணங்களுக்குக் கூலி பெற்று ஆடுவோர் பலர் இருந்தனர். நம் நாட்டிலோ சுதேச மன்னர்களின் ஆதரவு பெற்ற சிலரைத் தவிர மற்றையோர் ஆட்டத்தினால் வயிறு வளர்த்தல் இயலாதிருந்தது. ஆதலின் ஆட்டக்காரனுக்கு விடுமுறை தந்து, அவன் திரும்பி வருங்கால் அவனுடைய நாற்காலியை அவனுக்கே வைத்திருக்கும் ஒரு காரியாலயம் கிடைப்பது பெரும்பேறாகும். கோபாலனுக்கு அப்பேறு கிட்டியது. பின்னாளில் மாதக்கணக்காகக் கடல் கடந்து சென்று ஆடும் வாய்ப்பு ஒரு நடுத்தரக் குடும்பத்து இளைஞனுக்கு எவ்வாறு இயன்றது என்று கேட்பார்க்கு இதுவே விடை.

கோபாலன் வலக்கையால் மிதமான வேகத்துடன் பந்து வீசுவார். புதுப்பந்து அவர் கையில் இருக்குங்கால் அது காற்றிலே வளைந்து மட்டைக்காரனை ஏமாற்றும். மட்டை பிடிப்பதிலும் அவர் பிற்பட்டவரல்லர்; இடையில் வந்து விரைவாக ரன் சேர்க்க வல்லவர். 1930ஆம் ஆண்டின் முடிவை ஒட்டி விஜயநகரம் மகராஜ்குமார் ஒரு கோஷ்டியைத் திரட்டி இந்தியாவிலும் இலங்கையிலும் சுற்றுப்பயணம் செய்வித்தார். உலகப் புகழ்பெற்ற ஜாக் ஹாப்ஸும் ஹெர்பர்ட் சட்கிளிஃபும் அக்கோஷ்டியில் இருந்தனர். அந்த ஹாப்ஸையே கோபாலன் தம் பந்தினால் வீழ்த்தினார். சென்னைக்கு அப்பாலும் அவருடைய பெயர் பரவலாயிற்று.

இங்ஙனம் கிரிக்கெட்டில் அவர் உயர்ந்துவந்த காலத்திலேயே ஹாக்கியிலும் அவர் திறம் வளர்ந்தது. அவர் நின்ற இடம் சென்டர் ஹாஃப் என்பது. அதனை ஆட்டத்தின் முதுகெலும்பு எனலாம். பகைவருடைய படையெடுப்பைத் தடுத்து நிறுத்துவதும், தடுத்த பந்தைத் தம் முன்னணியாருக்கு வாகாகத் தள்ளிக் கொடுப்பதும் அவ்விடத்தில் நிற்பவன் கடமை. கோல் போடுபவன் பெயரை உலகம் கொண்டாடும். அவனுக்குப் பந்தைக் கொண்டுவந்து கொடுத்தவனை நினைப்பார் சிலரே. ஓயாது ஓடும் கால்களும், நாற்புறமும் பார்க்கும் கண்களும், தன் புகழைக் கருதாத மனமும் அவ்விடத்திற்கு வேண்டும்.

1933ஆம் ஆண்டு டிசம்பரில் டக்ளஸ் ஜார்டின் தலைமையில் வந்த இங்கிலாந்துக் கோஷ்டியுடன் இந்திய மண்ணிலே முதன்முதலாக டெஸ்ட் பந்தயங்கள் நடைபெற்றன. முதற் பந்தயம் பம்பாயில் நிகழ்ந்தது. இரண்டாவது பந்தயம் 1934ஆம் ஆண்டு ஜனவரியில் கல்கத்தா ஈடன் தோட்டத்தில் நடைபெற்றபோது, சி. கே. நாயுடுவின் தலைமையில் ஆடிய இந்தியக் கோஷ்டியில் கோபாலனுக்கும் இடம் கிடைத்தது. முதல் இன்னிங்ஸில் ஆட்டமிழக்காமல் 11 ரன்னும், இரண்டாவதில் 7 ரன்னும் எடுத்தார். ஒரு விக்கெட்டையும் வீழ்த்தினார். பந்தயம் வெற்றி தோல்வியின்றி முடிந்தது.

அடுத்த பந்தயம் பிப்ரவரி மாதம் சென்னையிலேயே நடைபெற இருந்தது. தாம் ஓடியாடி வளர்ந்த சேப்பாக்கத்தில், தம் ஊரார் கண்முன்னே, இந்தியாவுக்காக ஆடுவதை எந்த இளைஞன்தான் விரும்பான்? ஆயினும் அக்கோஷ்டியில் கோபாலனுக்கு இடம் அளிக்கப்படவில்லை. அமர் சிங் அப்பந்தயத்தின் ஒரே இன்னிங்ஸில் 7 விக்கெட்டுகளை வீழ்த்தியும், இங்கிலாந்தே 202 ரன் வித்தியாசத்தில் வென்றது. கல்கத்தாவில் ஆடிய அந்த ஒன்றே கோபாலனுடைய முதல் டெஸ்ட் பந்தயமும் இறுதிப் பந்தயமும் ஆயிற்று. அவருக்கு அப்பொழுது வயது இருபத்துநான்கு.

சேப்பாக்கம் அவருக்கு வேறொரு சிறப்பை வைத்திருந்தது. ரஞ்சித்சிங்ஜி அவர்களின் நினைவாக மாகாணங்களுக்கிடையே நடத்தப்பெறும் ரஞ்சிக் கோப்பைப் பந்தயங்கள் 1934ஆம் ஆண்டு நவம்பர் 4ஆம் நாள் தொடங்கின. அவற்றின் முதல் ஆட்டம் சென்னைக்கும் மைசூருக்கும் சேப்பாக்கத்தில் நடைபெற்றது. அப்பெரும் போட்டியின் முதற்பந்தை வீசியவர் கோபாலன். எதிர்கொண்டவர் மைசூரைச் சேர்ந்த கர்டிஸ். மைசூர் 48 ரன்னுக்கு வீழ்ந்தது. சென்னை 130 ரன் எடுத்தது. மறுபடியும் ஆடிய மைசூர் 59 ரன்னுக்கே அடங்கியது. ஏ. ஜி. ராம் சிங் இரண்டு இன்னிங்ஸிலுமாக 11 விக்கெட்டுகளைக் கவர்ந்தார். பல நாள் நடக்க வேண்டிய ஆட்டம் ஒரே பகலில் முடிந்துவிட்டது. இன்று இந்தியாவின் எல்லா மாநிலங்களிலும் நடைபெறும் அப்போட்டியின் வரலாற்றை எழுதப் புகுவார் யாவரும் முதல் வரியில் மொறப்பாக்கத்துக் கோபாலனுடைய பெயரை எழுதியே தீரவேண்டும்.

மறு ஆண்டு ஹாக்கி அவரை அழைத்தது. இந்தியா 1928இல் ஆம்ஸ்டர்டாமிலும், 1932இல் லாஸ் ஏஞ்சல்ஸிலும் ஒலிம்பிக் ஹாக்கியில் தங்கப்பதக்கம் பெற்று உலகத்தில் தனக்கு இணையின்றி விளங்கிய காலம் அது. 1935இல் தியான் சந்த் தலைமையில் நியூஜிலாந்துக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் கப்பலேறிய இந்தியக் கோஷ்டியில் கோபாலனும் ஒருவர். அப்பயணத்தில் நம்மவர் ஆடிய பந்தயங்கள் 48, வென்றவையும் 48. போட்ட கோல்கள் 584. வாங்கியவை 40 மாத்திரமே. தியான் சந்த் ஒருவரே 201 கோல்கள் போட்டார் என்பர். அத்தகைய மாமேதைக்குப் பின்னே நின்று ஆடும் பயிற்சியும், உலகில் வெல்லற்கரிய ஒரு கோஷ்டியில் ஒருவராக இருந்த பெருமையும் கோபாலனுக்கு அவ்வாண்டில் கிடைத்தன.

இனி அவருடைய வாழ்வின் திருப்புமுனையாகிய 1936ஆம் ஆண்டுக்கு வருவோம். அவ்வாண்டின் கோடைக்காலத்தில் இந்தியக் கிரிக்கெட் கோஷ்டி இங்கிலாந்து செல்ல இருந்தது. அதே கோடையில் இந்திய ஹாக்கி கோஷ்டி பெர்லின் ஒலிம்பிக்குக்குப் புறப்பட இருந்தது. இரண்டு வாயில்களும் கோபாலனுக்கு முன்னே திறந்து நின்றன. இரண்டினுள்ளும் ஒருங்கே நுழைதல் ஒருவனால் இயலுமோ? ஒன்றைக் கொள்வதென்றால் மற்றொன்றைக் கைவிட்டே ஆகவேண்டும். ஹாக்கியிலோ இந்தியாவின் வெற்றி ஏறக்குறைய உறுதியானது. கிரிக்கெட்டிலோ இந்தியா அதுகாறும் ஒரு டெஸ்ட் பந்தயத்திலேனும் வென்றதில்லை. ஆயினும் அந்நாளில் இங்கிலாந்துப் பயணம் என்பது கிரிக்கெட் ஆடுவோன் ஒருவன் தன் வாழ்நாளில் ஒருமுறை காண ஏங்கும் யாத்திரை போன்றது. ஒரே ஒரு டெஸ்ட் ஆடி நின்றுபோனவர்க்கு, நின்ற இடத்திலிருந்து மீண்டும் தொடங்குவதற்குரிய வழியும் அதுவே. கோபாலன் ஒலிம்பிக் அழைப்பைத் துறந்து கிரிக்கெட் கோஷ்டியுடன் சென்றார்.

சென்ற இடத்தில் நிகழ்ந்தவை மகிழ்ச்சிக்குரியன அல்ல. விஜயநகரம் மகராஜ்குமார் அக்கோஷ்டியின் காப்டன். ஆட்டத் திறமையினும் செல்வமும் செல்வாக்குமே அவருக்கு அப்பதவியை ஈட்டித் தந்தன என்பது வரலாறு எழுதினோர் துணிபு. கோஷ்டிக்குள்ளே கட்சிகள் தோன்றின. சிறந்த ஆட்டக்காரராகிய லாலா அமர்நாத் முதல் டெஸ்டுக்கு முன்னரே ஊருக்குத் திருப்பி அனுப்பப்பட்டார். நிஸார், அமர் சிங், ஜஹாங்கீர் கான் ஆகிய மூவரும் வேகப்பந்து வீச்சுக்கு இருந்தனர். லார்ட்ஸ், மான்செஸ்டர், ஓவல் ஆகிய மூன்று இடங்களில் மூன்று டெஸ்ட் பந்தயங்கள் நடைபெற்றன. மூன்றில் ஒன்றிலேனும் கோபாலனுக்கு இடம் கிடைக்கவில்லை. மாகாணங்களுடன் நடந்த சில ஆட்டங்களோடு அவர் பயணம் முடிவுற்றது.

1936ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 15ஆம் நாள் ஒன்றை மட்டும் இங்கே எண்ணிப் பார்ப்போம். அன்று லண்டன் ஓவல் மைதானத்தில் மூன்றாவது டெஸ்ட் தொடங்கிற்று. வால்டர் ஹாம்மண்ட் 217 ரன் எடுத்த பந்தயம் அது. இந்தியா ஒன்பது விக்கெட் வித்தியாசத்தில் தோற்றது. கோபாலன் ஆடுவோருள் ஒருவரல்லர். மழையினால் ஒருநாள் தள்ளிவைக்கப்பட்ட ஒலிம்பிக் ஹாக்கி இறுதிப் பந்தயமும் பெர்லினில் அன்றுதான் நடைபெற்றது. முந்திய ஆண்டு கோபாலனோடு ஆடிய தியான் சந்தின் தலைமையில் இந்தியா ஜெர்மனியை எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் வென்று தங்கப்பதக்கம் பெற்றது. பதினோராண்டு கழித்து அதே நாள் நம் தேசத்தின் விடுதலை நாளாயிற்று. ஆகவே ஆகஸ்டு 15 இந்தியர் எவரும் மறவாத நாள். கோபாலனுக்கோ அதனை மறவாதிருக்க வேறொரு காரணமும் இருந்தது.

அவர் செய்த முடிவு பிழை என்று சொல்வார் உளர். பயன் தெரிந்தபின் தீர்ப்புக் கூறுதல் யாவர்க்கும் எளிது. அதே கோஷ்டியில் சென்ற மற்றொரு சென்னைவாசியின் கதையை இதனோடு ஒப்பிட்டுப் பார்த்தல் தகும். புச்சிபாபு நாயுடுவின் புதல்வராகிய சி. ராமசுவாமி 1922இலேயே டென்னிஸில் டேவிஸ் கோப்பைக்கு இந்தியாவின் சார்பில் ஆடியவர். 1936இல் அவருக்கு வயது நாற்பது. அவ்வயதில் எவரும் எதிர்பாராவண்ணம் மான்செஸ்டரில் முதல் டெஸ்ட் ஆடி 40 ரன்னும் 60 ரன்னும் எடுத்தார், ஓவலிலும் ஆடினார். சென்றது ஒரே கப்பலில், ஊரும் ஒன்றே, இருவரும் இரண்டு ஆட்டங்களில் வல்லவர். ஒருவருக்குக் கதவு திறந்தது, மற்றவருக்குத் திறக்கவில்லை. புறப்படும்போது இருவரில் எவருக்கும் இது தெரிந்திருக்க வழியில்லை. பின்னே வந்த விளைவைக் கொண்டு முன்னே செய்த முடிவைப் பழிப்பது நேர்மையாகாது.

நாம் நோக்க வேண்டியது அவர் திரும்பி வந்தபின் செய்ததையே. சென்னைக்கு வந்தார்; காரியாலயத்துக்குச் சென்றார்; சேப்பாக்கத்தில் மீண்டும் பந்தைக் கையில் எடுத்தார். அதன்பின் ஏறக்குறைய பதினைந்தாண்டு அவர் சென்னைக்காக உழைத்தார். 1940-41இல் சென்னைக் கோஷ்டி ரஞ்சிக் கோப்பையின் இறுதிப் பந்தயம்வரை சென்று மகாராஷ்டிரத்திடம் தோற்றது. யுத்தம் மூண்டமையால் அந்நிய நாட்டுப் பயணங்கள் நின்றுபோயின. டெஸ்ட் பந்தயங்கள் நடைபெறவில்லை. உலகத்தின் கண் படாத அவ்வாண்டுகளிலும், நாற்பது வயது கடந்த பின்னும், அவர் தளராது பந்து வீசினார். முதல்தரப் பந்தயங்களில் அவர் வீழ்த்திய விக்கெட்டுகள் 190க்கு மேற்பட்டவை. ஆட்டத்தினின்று ஓய்வு பெற்றபின், பிறரைத் தேர்ந்தெடுக்கும் தேசியக் கமிட்டியிலும் பணிபுரிந்தார். இடம் கிடையாத வருத்தம் இன்னதென்று நேரில் அறிந்த ஒருவர் இடம் கொடுக்கும் ஆசனத்தில் அமர்ந்தது பொருத்தமே.

அவர் முதல்தர ஆட்டத்தில் புகுந்து இருபத்தைந்து ஆண்டு நிரம்பியதைக் கொண்டாடும் வகையில், சென்னைக்கும் இலங்கைக்கும் இடையே ஒரு கோப்பை ஏற்படுத்தப்பட்டது. 1952-53இல் தொடங்கிய கோபாலன் கோப்பைப் பந்தயம் சென்னையிலும் இலங்கையிலுமாக மாறிமாறி நடைபெற்றது. அக்காலத்தில் இலங்கைக்கு டெஸ்ட் அந்தஸ்து இல்லை. இங்கிலாந்துக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் இடையே கப்பலில் செல்லும் கோஷ்டிகள் கொழும்பில் ஒருநாள் இறங்கி ஆடிப்போவதைத் தவிர, அந்நாட்டு வீரர்க்குப் பெரிய பந்தயங்கள் வாய்ப்பது அரிது. ஆகவே ஏறக்குறைய முப்பதாண்டு நிகழ்ந்த இக்கோப்பைப் பந்தயம் இலங்கையர் தம் திறமையை வளர்த்துக்கொள்வதற்கு ஒரு பள்ளிக்கூடமாக விளங்கிற்று. 1981இல் இலங்கை டெஸ்ட் அந்தஸ்து பெற்றது. அடுத்த ஆண்டு செப்டம்பரில் அது இந்தியாவுக்கு வந்து இந்தியாவுடன் தன் முதல் டெஸ்டை ஆடிய இடம் சேப்பாக்கமே. துலீப் மெண்டிஸ் அப்பந்தயத்தில் இரண்டு இன்னிங்ஸிலும் 105 ரன் அடித்தார். 1934இல் அம்மைதானத்தில் கோபாலனுக்கு ஒரு டெஸ்ட் மறுக்கப்பட்டது; 1982இல் அவர் பெயரால் நடந்த பந்தயங்களில் வளர்ந்த ஒரு நாடு அதே மைதானத்தில் சமமாக நின்று டெஸ்ட் ஆடியது. பதக்கத்தினும் இது சிறிய நினைவுச் சின்னமன்று.

கோபாலன் நெடுநாள் வாழ்ந்தார். 2003ஆம் ஆண்டு டிசம்பர் 21ஆம் நாள் சென்னையில் காலமானபோது அவருக்கு வயது தொண்ணூற்று நான்கு. உலகெங்கும் அன்று உயிரோடிருந்த டெஸ்ட் ஆட்டக்காரருள் வயதில் மூத்தவர் அவரே. ஒரே ஒரு டெஸ்ட் ஆடியவர், அத்தனை பேருக்கும் மூத்தவராக நின்று விடைபெற்றார்.

மாணவ நண்பர்களே! நீங்களும் ஒருநாள் இரண்டு வாயில்களின் முன்னே நிற்பீர்கள். மேற்படிப்போ உத்தியோகமோ, ஊரோ நகரமோ, ஒன்றைக் கொண்டு மற்றொன்றை விடவேண்டிய வேளை யாவர்க்கும் வரும். நீங்கள் விட்டுவந்த வழியில் தங்கமும், நீங்கள் பிடித்த வழியில் வெறுங்கையும் காத்திருத்தல் கூடும். அந்நாளில் இவரை நினைவிற் கொள்ளுங்கள். கிடையாததை எண்ணி மைதானத்தை விட்டு விலகாமல், கிடைத்த பந்தை எடுத்து அடுத்த ஓவரை வீசத் தொடங்கியவர் அவர். தேவனூர் நாட்டில் சாமை அறுத்த மேட்டில் கந்தற் பந்தை எறிந்து விளையாடும் சிறுவனுக்கும், நம் கல்லூரி மைதானத்தில் கோஷ்டிக்குத் தலைமை தாங்கும் இளைஞனுக்கும் அவருடைய வாழ்வு வழிகாட்டுவதாகுக.